தமனியின் உள்பக்கம்

கோவையின் கணபதி பகுதியில் மயில்சாமியின் கறிக்கடைக்கு ஒரு தவக்காலம் முழுவதும் நான் தினமும் போனேன். கறி வாங்க அல்ல. ஆட்டின் பின்தொடையில், எலும்பை ஒட்டி உள்பக்கமாக ஓடும் ஒரு ரத்தக்குழாய்க்காக. பென்சிலை விட மெலிதாக, விரல் நீளத்துக்கு இருக்கும். அதை மயில்சாமி அறுத்துக் கொடுத்ததும், பனிக்கட்டி நடுவே வைத்த உப்புநீர்க் குப்பியில் போட்டு, காலை ஏழரைக்குள் என் மனைவி ஷைலாவின் ஆய்வுக்கூட வாசலில் சேர்க்க வேண்டும்.

ஷைலா இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. சாதாரணக் காய்ச்சலில் தொடங்கி நுரையீரலுக்குப் போய், பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது. யாராவது விசாரித்தால் "காலேஜில் வேலை பார்த்தாள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அது உண்மைதான். ஆனால் அவள் செய்த வேலையின் அருமை அந்த ஒரு வரியில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் பத்தொன்பது வருடம் அவள் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தாள். கண்ணாடிக் குப்பிகளைக் கழுவுவது, மருந்துகளை எடைபோட்டுக் கரைப்பது, கருவிகளைத் துடைத்து மூடி வைப்பது. அவள் கரைத்துக் கொடுத்த மருந்தை வைத்து ஆய்வு செய்த பிள்ளைகள் ஒவ்வொருவராக டாக்டர் பட்டம் வாங்கி, லட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். நாற்பத்தைந்தாம் வயதில், வேலையை விடாமலேயே, தானும் ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்டாள். துறைத்தலைவர் சீனிவாசலு வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்தார். முதல் வருடம் முடியும்போது, ஈஸ்டரான உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மூன்று நாள் முன் வரும் பெரிய வியாழன் அன்று, ஆய்வுக் குழு கூடும். இதுவரை என்ன செய்தாய் என்று பார்க்கும். திருப்தி இல்லையென்றால் பதிவு ரத்தாகும். மறுபடி பதிவு செய்ய வயதும் இல்லை, விதியில் இடமும் இல்லை.

அவள் செய்தது இது. அந்தத் தமனியை மோதிரம் போல மூன்று மில்லிமீட்டர் அகல வளையங்களாக வெட்டுவாள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு மெல்லிய கம்பிக் கொக்கிகளை நுழைத்து, உடல்சூட்டில் வைத்த உப்புநீரில் தொங்கவிடுவாள். கீழ்க் கொக்கி அசையாது. மேல் கொக்கி இழுவையை அளக்கும் கருவியோடு சேர்ந்திருக்கும். நீருக்குள் பிராணவாயு குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். ஆடு செத்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், ஆனால் அந்த வளையம் இன்னும் உயிரோடு இருக்கும். இறுக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டால் சுருங்கும். கணினித் திரையில் கோடு மேலே ஏறும். பிறகு அசிட்டைல்கோலின் என்ற மருந்தை விட்டால் இளகும், கோடு இறங்கும். சர்க்கரை அதிகமான நீரில் ஊறிய தமனி அதேபோல இளகுகிறதா என்பதுதான் அவள் கேள்வி. கோவையில் யார் வீட்டுக்கும் இந்தக் கேள்வி அந்நியமில்லை.

ஜனவரியில் சர்க்கரை சேர்க்காத வெறும் உப்புநீரில் செய்து பழகினாள். கோடு ஏறியது, இறங்கியது. சாப்பிடும்போது விரலால் மேசையில் அந்தக் கோட்டை வரைந்து காட்டுவாள். அப்போதெல்லாம் காலையில் கறிக்கடைக்குப் போவதும் அவள்தான். அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும்.

கறியையும் பிடித்த ஏதாவது ஒன்றையும் விட்டு நோன்பிருக்கும் தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கும். அன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும்போது நான் சொன்னேன், "இந்த வருசம் நான் டீயை விடப் போறதில்லை. ஒறுத்தலா வேற ஒண்ணு வெச்சிருக்கேன். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் உன் குழாயை நானே கொண்டாந்து தாரேன்."

"டீயை விடறது கஷ்டமா இருக்குதுங்களா?" என்று சிரித்தாள். ஆனால் சந்தோஷப்பட்டாள்.

எங்களுக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை. மோட்டார் பம்பின் அச்சு சுழலும் சின்ன உலோகக் குழாயான புஷ் கடைந்து கொடுக்கிறேன். கறிக்கடை பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளித்தான். முதல் நாள் போனபோதே பங்குக் கோவில் பாடகர் குழுவின் சூசைமேரியக்கா அந்தப் பக்கமாகப் பால் வாங்கப் போனார்.

"ஏனுங்க பாக்கியராஜு, சாம்பல் பூசி இன்னும் ஒரு நாள் ஆகலீங்க. அதுக்குள்ள கறிக்கடையா?"

"கறி இல்லீங்கக்கா, ரத்தக்குழாய்."

"ஆமாமா, போன வருசம் எங்கூட்டுக்காரரும் எலும்பு மட்டும்தான்னு சொன்னாரு."

மயில்சாமி கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் வாங்கறதுல கொழம்பு வெக்க முடியாதுங்க்கா. நானே சாட்சி" என்றான். ஆனாலும் அந்தத் தவக்காலம் முழுக்க என் பெயர் கோவிலில் கொஞ்சம் கெட்டுத்தான் இருந்தது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மயில்சாமி கொடுக்கும் குழாய்க்குள் உறைந்த ரத்தம் அடைத்திருக்கும். ஒரு பட்டறைக்காரன் கைக்கு உள்ளே அழுக்கோடு ஒரு குழாய் வந்தால், அப்படியே அடுத்தவர் கையில் கொடுக்க மாட்டான். கடைந்த புஷ்ஷை டெலிவரி செய்யும் முன்னால் கம்பியில் துணி சுற்றி உள்ளே ஒரு தரம் இழுத்துத்தான் கொடுப்போம். அது யோசித்துச் செய்வதில்லை. அன்று பட்டறையில் நின்று, வழவழப்பான ஒரு மெல்லிய கம்பியில் புதிய மருந்துப் பஞ்சைச் சுற்றி, குப்பியில் இருந்த அதே உப்புநீரில் நனைத்து, குழாய்க்குள் விட்டு மெதுவாகச் சுழற்றி இரண்டு தரம் இழுத்தேன். உள்பக்கம் வெள்ளையாக, சுத்தமாக வந்தது. தினமும் அப்படியே செய்தேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு யாரும் அறிவிப்பு கொடுப்பதில்லை.

முதல் நாளே கோடு இறங்கவில்லை. இறுக்கும் மருந்துக்கு வளையம் நன்றாகச் சுருங்கியது. அசிட்டைல்கோலின் விட்டால் இளகாமல் அப்படியே நின்றது. சில நாள் இன்னும் கொஞ்சம் இறுகிக்கூடப் போனது. மறுநாளும் அதே. அந்த வாரம் முழுக்க அதே.

காரணம் அவளுக்கு உடனே தெரிந்தது. குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. அது உரிந்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. யார் உரித்தது என்பதுதான் கேள்வி. அந்த வாரம்தான் அவள் இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள். கொக்கியை வளையத்துக்குள் நுழைக்கும்போது தன் கை உரசி உரித்துவிடுகிறது என்று முடிவு செய்தாள். கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள். பழைய கண்ணாடியைப் போட்டாள். கொக்கிகளின் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுங்கடித்தாள். சாயங்காலம் வீட்டில் ஊசியில் நூல் கோத்துக் கோத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நடுங்குதுங்களா, பாருங்க?" என்று இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

"கல்லு மாதிரி நிக்குது."

"சும்மா சொல்லாதீங்க."

அப்படி இருந்தும் அவள் ஒரு நாள்கூடப் பாதியில் விடவில்லை. நான்கு குப்பிகளில் இரண்டு வெறும் நீர், இரண்டு சர்க்கரை நீர் என்று, தோற்ற சோதனையையும் கடைசிப் படி வரை செய்து முடித்தாள். கடைசிப் படியில் உள்படலத்தின் உதவியே இல்லாமல் நேராகச் சதையை இளக்கும் ஒரு மருந்து உண்டு. அதற்கு வளையம் ஒழுங்காக இளகியது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்தாள். வீண் என்று தெரிந்த எண்களை அவ்வளவு சுத்தமான கையெழுத்தில் எழுதுகிற ஒருத்தியை நான் வேறு பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம் சீனிவாசலு அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

"ஏம்மா ஷைலா, இத்தனை வருசத்துல உங்க கையில ஒரு பீக்கர் உடைஞ்சதில்லை. ஆனா இது வேற மாதிரி வேலை. சின்னப் பசங்களுக்கே தடுமாறும். கமிட்டிக்கு முன்னாடி தலைப்பை மாத்திக்கலாமா? நோயாளிகள்கிட்ட கேள்வித்தாள் கொடுத்துப் பண்ணற மாதிரி ஒண்ணு இருக்கு. கை வேலை கிடையாது."

"ஒரு வாரம் குடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். என்னிடம் சொல்லும்போது அழவில்லை. "கை வேலை கிடையாதுன்னு சொன்னாருங்க" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அந்த ஒரு வாரத்தில் ஒரு நாளையும் விட மனமில்லாமல் அன்றும் வேலை செய்யக் கிளம்பினாள். வாயு சிலிண்டர் மாற்ற ஆள் இல்லை என்பதால், பூசை முடிந்ததும் நானும் கூடப் போனேன். அதுவரை நான் அந்த அறைக்குள் நுழைந்ததில்லை. சிலிண்டரை மாற்றிவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவள் கொக்கியை நுழைப்பதை அன்றுதான் பார்த்தேன். நுண்ணோக்கிக் கண்ணாடியின் கீழ், சாமணத்தால் வளையத்தின் வெளி ஓரத்தை மட்டும் பிடித்து, கம்பி உள்சுவரில் எங்கும் படாமல் நடுவே காற்றில் போவது போல விட்டாள். முப்பது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்தவன் நான். அந்தக் கையில் பிழை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கோடு ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. அசிட்டைல்கோலின் விட்டாள். நின்றது.

"இப்ப எறங்கணுமுங்க" என்றாள் திரையைப் பார்த்தபடி.

"ஏன் எறங்கணும்? மருந்து சதையை இளக்குமா?"

"அங்கதானுங்க விசயமே இருக்குது. இந்த மருந்து சதையை இளக்கறதில்லை. நேரா சதையில பட்டா இறுக்கத்தான் செய்யும். உள்ள ஒரு படலம் இருக்குது பாருங்க, ஒத்தைச் செல்லு கனம். மருந்து அதுகிட்டப் போய்ச் சொல்லுது. அது ஒரு வாயுவைச் செஞ்சு பக்கத்துச் சதைக்கு அனுப்புது. நைட்ரிக் ஆக்சைடுன்னு பேரு. அதுக்கு ஆயுசு சில நொடிதான். சதைகிட்ட இளகுன்னு சொல்லிப்போட்டு அதோட இல்லாமப் போயிரும்."

"மருந்து இல்லாதப்ப?"

"நீங்க மாடிப்படி ஏறுறீங்க, காலுக்கு ரத்தம் வேகமாப் போகுது. அந்த ஓட்டம் படலத்து மேல உரசுதில்லீங்களா, அதை அது கண்டுபிடிச்சுப்போடும். உடனே குழாயை விரிக்கச் சொல்லும். அடிபட்டா இறுக்கச் சொல்றதுக்கும் அதுகிட்ட வேற சரக்கு இருக்குது. இறுக்கறதும் இளக்கறதும் சதைதான். எப்ப, எவ்வளவுங்கறதை அளந்து சொல்றது இந்தப் படலம். உடம்பு பூரா, தலையில இருந்து கால் விரல் வரைக்கும், ஒவ்வொரு குழாய்லயும் இருக்குதுங்க. ரொம்ப காலம் இதை வெறும் உறைன்னுதான் எல்லாரும் நெனச்சுட்டிருந்தாங்க."

நானும் வெறும் உறை என்றுதான் நினைத்தேன். எங்கள் தொழிலில் குழாயின் உள்பக்கம் என்றால் அளவு, வழவழப்பு, சுத்தம். உள்பக்கம் வெளிச்சுவருக்கு உத்தரவு போடும் என்று கேள்விப்பட்டதில்லை. எனக்கு ஒரு கணம் பெரிய வியப்பாக இருந்தது. அடுத்த கணம் பட்டறையில் இருக்கும் கம்பியும் பஞ்சும் ஞாபகம் வந்தன.

"அது எவ்வளவு கெட்டி?" என்று கேட்டேன்.

"கெட்டியா? விரல் பட்டாப் போச்சுங்க. வேணும்னே எடுக்கறவங்க ஒரு குச்சியை உள்ள விட்டு லேசா உருட்டுவாங்க. அவ்வளவுதான்."

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானாகத்தான் இருக்கும் என்று முக்கால்வாசி தெரிந்தும், ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம் என்று மீதியைப் பிடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை குழாயை வாங்கி, கம்பியைத் தொடாமல், ரத்தக்கட்டியோடு அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மத்தியானம் பட்டறைக்குப் போன் வந்தது. லேத் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை.

"எறங்கிருச்சுங்க! நாலும் எறங்கிருச்சு! வெறும் தண்ணியில நல்லா எறங்குச்சு, சர்க்கரைத் தண்ணியில பாதிதான். ஏனுங்க, கேக்குதுங்களா? என் கை திரும்பிருச்சுங்க!"

சாயங்காலம் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தாள். தவக்காலத்தில் இனிப்பு வேண்டாம் என்று இருந்தவள், ஒரு துண்டு எடுத்து என் வாயில் வைத்தாள். அவள் சொல்லிக்கொண்டே போனாள்: நாளைக்கு சார்கிட்ட உண்மையைச் சொல்லிவிடப் போகிறாள், மூன்று வாரம் தன் கை கெட்டுப்போயிருந்தது, அந்தக் கணக்கெல்லாம் தள்ளுபடி, இனி எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கெடலாம், அதனால் தினமும் ஊசிப் பயிற்சி செய்யப் போகிறாள்.

கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உன் கை கெடவே இல்லை, ஷைலா" என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"அந்தக் குழாயை நேத்து வரைக்கும் நான் தொடச்சுக் கொண்டாந்தேன். உள்ள. கம்பியில பஞ்சு சுத்தி."

அவள் இனிப்பு டப்பாவை மூடினாள். "என்னைக்கிருந்து?"

"முதல் நாள்லருந்து. இன்னைக்கு மட்டும் தொடைக்கலை."

"இன்னைக்கு மட்டும் ஏன் தொடைக்கலை?"

"நேத்து நீ சொன்னியே. விரல் பட்டாப் போச்சுன்னு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தொடச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் கடைசியில். "தெரியாது, செஞ்சீங்க. ஆனா நேத்து அங்க ஸ்டூல்ல உக்காந்திருந்தப்பவே தெரிஞ்சிருச்சில்ல? இன்னைக்கு மத்தியானம் நான் போன்ல கத்துனப்பவும் தெரியும். சும்மா இருந்தீங்களே."

அந்த ராத்திரி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

காலையில் நான் கிளம்பும்போது அவள் சாப்பாட்டு மேசையில் ஆய்வு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது, ஆனால் பேனா தயாராக இருந்தது.

"கம்பி என்ன கனம்?"

"ரெண்டு மில்லி. ஸ்டெயின்லெஸ்."

"பஞ்சு?"

"மருந்துக்கடைப் பஞ்சு. தினமும் புதுசு."

"சுழட்டுனீங்களா, இழுத்தது மட்டுமா?"

"ஒரு சுத்து சுழட்டி இழுப்பேன். ரெண்டு தரம்."

"எல்லா நாளும் அதே மாதிரியா? கோவத்துல இருந்தா அழுத்தி, அவசரத்துல இருந்தா ஒரே தரம், அப்படியெல்லாம் இல்லையே?"

"வேலையில அப்படிச் செய்வனா நான்?"

அதற்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். "அது எனக்குத் தெரியுமுங்க. சும்மா கேட்டேன்."

பிறகு நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இருபத்திரண்டு நாள் எண்கள். "பாருங்க. படலம் இல்லாத குழாய்ல சர்க்கரைத் தண்ணிக்கும் வெறும் தண்ணிக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே மாதிரி சுருங்குது, நேரடி மருந்துக்கு ஒரே மாதிரி இளகுது. அப்படின்னா சர்க்கரை சதையை ஒண்ணும் பண்ணலை. நேத்து படலம் இருக்கற குழாய்ல மட்டும் வித்தியாசம் தெரியுது. அப்ப சர்க்கரை கெடுக்கறது எதை?"

"படலத்தை."

"இதை நிரூபிக்கறதுக்குப் படலம் எடுத்த குழாயில ஒரு செட்டு எப்படியும் நான் செஞ்சே ஆகணுமுங்க. அடுத்த வருசம் செய்யலாம்னு வெச்சிருந்தேன். செஞ்சு முடிச்சுட்டேன், தெரியாமயே."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு முழுக்க என் மேல் கோபமாக இருந்துவிட்டு, அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறாள். தோற்ற நாட்களை ஒழுங்காக எழுதி வைத்தவளுக்குத்தான் இது கிடைக்கும்.

சீனிவாசலுவிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் துடைத்துக் கொடுத்தார் என்றே சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாராம். அப்புறம், ஒன்றுக்கு ஒன்று நேருக்கு நேராகச் செய்துகாட்டினால்தான் குழு ஒத்துக்கொள்ளும் என்றாராம். அதிலிருந்து பெரிய வியாழன் வரை நான் தினமும் ஒரே ஆட்டின் இரண்டு தொடையில் இருந்தும் குழாய் வாங்கினேன். ஒன்றைத் தொடாமல் கொடுப்பேன். இன்னொன்றைத் துடைத்துக் கொடுப்பேன். எந்தக் குப்பியில் எது என்று அவளுக்குச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட விதி. சீட்டில் எழுதி மடித்து சீனிவாசலுவிடம் கொடுத்துவிட வேண்டும். "உங்களுக்குத்தான் சொல்லாம இருக்கறது நல்லா வருமே" என்று ஒரு குத்து குத்தினாள். வாங்கிக்கொண்டேன்.

பெரிய வியாழன் காலை, குழுவில் வெளியூரில் இருந்து வந்த பேராசிரியர் அம்மா ஒருவர், எண்கள் இருக்கட்டும், செய்து காட்டுங்கள் என்றார். நான் குப்பிகளைக் கொடுத்துவிட்டு வெளியே நடைவழியில் நின்றுகொண்டேன். கதவின் கண்ணாடி வழியாக அவள் முதுகும் திரையும் தெரிந்தன. நான்கு பேர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் வளையத்தின் ஓரத்தைப் பிடித்துக் கொக்கியை உள்ளே விட்டாள். ஒரு வளையம், இரண்டு, மூன்று, நான்கு. ஊசிப் பயிற்சி செய்த கை, செய்யத் தேவையே இல்லாமல் இருந்த கை.

நான்கு கோடுகளும் ஏறின. அசிட்டைல்கோலின் விட்டாள். இரண்டு கோடுகள் ஏறிய இடத்தில் அசையாமல் நின்றன. மற்ற இரண்டும் இறங்கின. ஒன்று வேகமாகத் தரை வரைக்கும், சர்க்கரை நீரில் இருந்தது பாதியோடு. அவள் திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணாடிக் குப்பிக்குள் இளகிக்கொண்டிருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் பார்த்தாள்.

அந்த அம்மா ஏதோ கேட்டார். ஷைலா கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எதற்கென்று தெரியாமல் கும்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். கையெழுத்துப் போட்ட தாள் கையில் இருந்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் அதே மேசையில் வேலை செய்து, பட்டமும் வாங்கி, அதை வைத்து ஒரு வருடம் பாடமும் நடத்தினாள். அதெல்லாம் பிறகு. அன்று அவள் என்னிடம் தாளைக்கூடக் காட்டவில்லை. மாலை கோவிலில் பாதம் கழுவும் சடங்குக்கு நேரத்தோடு போக வேண்டும் என்று நடந்துகொண்டே சொன்னாள்:

"நாளைக்குப் பெரிய வெள்ளி, காலேஜ் லீவுங்க. திங்கக்கிழமைக்கு மயில்சாமிகிட்ட இன்னைக்கே சொல்லி வெச்சுருங்க. இனி எட்டு வளையம் போடப் போறேன். நாலு குழாய் வேணும்."

"உயிர்ப்பு ஞாயிறோட என் ஒறுத்தல் முடியுது" என்றேன்.

"முடியட்டுமுங்க. இனிமே இது வேலை" என்றாள்.